சோழவந்தான் பக்கம் நாலு கிரிட், தனுஷ்கோடியில் ஒரே கிரிட்

ஹாம் ரேடியோவில் (லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசுகிற ரேடியோ) சாட்டிலைட் வழியாகப் பேசுகிறவர்கள், அது தலைக்கு மேல் கடந்து போகிற சில நிமிடங்களுக்காக, அதாவது பாஸுக்காக, வழியில் வண்டியை நிறுத்தியபோது யாரை எல்லாம் சந்தித்தீர்கள் என்று இங்கே கேட்டிருந்தீர்கள். போலீஸ் வந்து விசாரித்த கதைகள் நிறைய வந்துவிட்டன. என்னுடையது கொஞ்சம் வேறு. சென்னையிலிருந்து மதுரை, ராமேஸ்வரம் வழியாகக் கன்னியாகுமரி வரை குடும்பத்தோடு காரில் போனபோது நடந்தது.

கிரிட் விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. உலகத்தையே 2 டிகிரி நீளவாக்கு, 1 டிகிரி அகலவாக்கு என்று சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் கொடுத்திருக்கிறார்கள், அந்தச் சதுரம்தான் கிரிட். எத்தனை கிரிட்டில் இருப்பவர்களோடு பேசினோம் என்று சேர்ப்பது ஹாம்களின் வழக்கம். நம் ஊர்ப் பக்கம் ஒரு சதுரம் என்பது கிழக்கு மேற்காக ஏறத்தாழ 220 கிலோமீட்டர், வடக்கு தெற்காக 111. வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் நம்மால் மற்றவர்களுக்குத் தர முடிவது ஒரே ஒரு கிரிட்தான். காரில் கிளம்பினால் அது மாறிக்கொண்டே வரும். சென்னை சென்ட்ரல் என்கே 03. கிண்டி தாண்டியதும் 13 டிகிரி கோட்டைக் கடந்து என்கே 02-க்கு வந்துவிடுவோம். செங்கல்பட்டுக்குள் நுழைவதற்குள் 80 டிகிரி தீர்க்கரேகையும் போய்விடும், முதல் எழுத்தே மாறி எம்கே 92. விழுப்புரம் எம்கே 91, திருச்சி எம்கே 90, மதுரை எம்ஜே 99. ஜிஎஸ்டி ரோட்டில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், இந்தக் கோடுகளை மனதில் வைத்துக்கொண்டு போனபோது அது எனக்குப் புது ரோடாகவே இருந்தது.

இதில் நான் ரொம்ப நாளாக ஆசைப்பட்ட இடம் 10 டிகிரி வடக்கு, 78 டிகிரி கிழக்கு. மதுரைக்கும் சோழவந்தானுக்கும் நடுவில் இருக்கிறது. எம்ஜே 89, எம்ஜே 99, எம்கே 80, எம்கே 90 நான்கும் அங்கே முட்டுகின்றன. அந்தப் புள்ளியில் நின்று பேசினால் ஒரே க்யூஎஸ்ஓவில், அதாவது ஒரே உரையாடலில், எதிரில் இருப்பவருக்கு நாலு கிரிட் கிடைக்கும். நிறைய கிரிட் சேர்ப்பவர்களுக்குத் தருகிற வி.யு.சி.சி. விருதுக்குக் கணக்கில் சேர வேண்டும் என்றால் உண்மையிலேயே புள்ளியின் மேல் நிற்க வேண்டும், பக்கத்தில் எங்கேயோ நின்றுகொண்டு சொல்லக் கூடாது. அதனால் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு, போனில் ஜிபிஎஸ் பார்த்தபடி நானும் மகளும் வரப்பில் நடந்தோம்.

பாதி தூரம் போவதற்குள் ஒரு பெரியவர் வந்துவிட்டார். "என்ன தம்பி, ரோடு போட அளக்குறீங்களா?" என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்தது நிஜமான கவலை. கையில் போனை வைத்துக்கொண்டு அடி அடியாக நடப்பவர்கள் வந்தால் அடுத்து கல் நடுவார்கள், அப்புறம் நிலம் போகும், அவர் பயம் நியாயம்தான். லைசென்ஸைக் காட்டி விளக்கி என்ன பயன்? "ஐயா, இன்னும் கால் மணி நேரத்துல மேல ஒரு விண்வெளி நிலையம் போகும், அது வழியா பேசப் போறோம், நீங்களும் கேளுங்க" என்றேன். நம்பினாரோ இல்லையோ, கூடவே வந்து நின்றார்.

அன்றைக்கு ஐஎஸ்எஸ், அதாவது அந்த விண்வெளி நிலையம், வடமேற்கிலிருந்து தென்கிழக்காகப் போகிற நல்ல உயரமான பாஸ். செட்டப் பெரிதாக ஒன்றும் இல்லை: இரண்டு ஹேண்டி (கையடக்க ரேடியோ), 2 மீட்டர் அலைவரிசைக்கு மூன்று எலிமெண்ட்டும் (கம்பி) 70 சென்டிமீட்டர் அலைவரிசைக்கு ஏழு எலிமெண்ட்டும் ஒரே தண்டில் இருக்கிற யாகி ஆண்டெனா, ஹெட்போன். 145.990 மெகாஹெர்ட்ஸில் 67 ஹெர்ட்ஸ் டோனோடு 5 வாட்டில் அனுப்பினால் போதும், ஐஎஸ்எஸ்ஸில் இருக்கிற ரிப்பீட்டர் (கேட்டதைத் திரும்ப அனுப்புகிற கருவி) வழியாக 437.800-ல் திரும்பி வரும். ஐஎஸ்எஸ் நகர்கிற வேகத்தால் அலைவரிசை மாறிக்கொண்டே இருக்கும், அந்த டாப்ளரை மகள் பார்த்துக்கொண்டாள். 437.810-ல் ஆரம்பித்து, உச்சியில் 437.800, இறங்கும்போது 437.790 என்று ஐந்து ஐந்து கிலோஹெர்ட்ஸாக இறக்குவது அவள் வேலை, குரல் மங்கினால் ஆண்டெனாவைத் தண்டோடு திருகிப் பார்ப்பது என் வேலை.

முதலில் கேட்டது ஓமான் ஸ்டேஷன், ஏ4 என்று தொடங்குகிற கால்சைன் (ரேடியோ அடையாளப் பெயர்). நாலு கிரிட்டையும் வரிசையாகச் சொன்னேன், அவர் "எல்லாத்தையும் இன்னொரு தடவை சொல்லுங்க" என்று சந்தோஷமாகக் கேட்டார். ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் திருப்பிப் பெரியவர் காதில் வைத்திருந்தேன். "யாரு தம்பி இது?" ஓமான் என்றதும், "மஸ்கட்டா? எங்க அக்கா மகன் அங்கதானே இருக்கான்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவனிடம் பேச முடியுமா என்று கேட்டார். இதில் லைசென்ஸ் உள்ளவர்கள்தான் பேச முடியும் என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. அதற்குள் பெங்களூர் வந்தது, கேரளாவிலிருந்து இருவர் வந்தார்கள், கடைசியில் கிழக்கே இறங்கும்போது இந்தோனேசியாவின் ஒய்பி ஸ்டேஷன் ஒன்று. பத்து நிமிடத்துக்குள் வளைகுடாவிலிருந்து சுமத்ரா பக்கம் வரை. பெரியவர் ஹெட்போனைக் கடைசி வரை விடவில்லை.

"நம்ம விட்ட சாட்டிலைட்டு இதுல எதுவும் இல்லையா?" என்று பிறகு கேட்டார். இருந்தது என்று சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. 2005 மே 5-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி சி6, கார்ட்டோசாட்-1 கூடவே ஹாம்சாட்டையும் கொண்டுபோனது. 42.5 கிலோ எடை, ஹாம்களுக்காகவே இஸ்ரோ செய்து கொடுத்தது. வி.ஓ.-52 என்ற பெயரில் உலகம் முழுக்க ஹாம்கள் அதில் பேசினார்கள், 2014 ஜூலையில் பேட்டரி போய்விடும் வரை. ரிசீவர் அவ்வளவு நன்றாகக் கேட்கும், சின்ன பவரிலேயே உள்ளே போய்விடலாம். அப்படி ஒன்றை மறுபடியும் நம்மவர்கள் விட வேண்டும் என்பது என் தீராத ஆசை. கிளம்பும்போது பெரியவர் கவுளி கவுளியாக வெற்றிலை கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார்.

ராமேஸ்வரம் போய் தனுஷ்கோடி. அரிச்சல்முனையில் ஆண்டெனாவை எடுப்பதற்கு முன்பே அங்கிருந்த காவலரிடம் போய் லைசென்ஸைக் காட்டிச் சொல்லிவிட்டேன். கடலோரத்தில் ரேடியோவோடு நிற்பவன் தானாகப் போய்ச் சொல்வதுதான் முறை. அவர் விவரம் கேட்டுக் குறித்துக்கொண்டு, பாஸ் முடியும் வரை பக்கத்திலேயே நின்றார். "சுக்லா பேசுவாரா சார்?" என்று கேட்டார். 2025 ஜூலையில் நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா ஐஎஸ்எஸ்ஸிலிருந்து ஹாம் ரேடியோவில் மாணவர்களோடு பேசிய செய்தி அவருக்கு நினைவிருந்தது. அது முன்கூட்டியே நேரம் குறித்து ஏற்பாடு செய்கிற நிகழ்ச்சி, இன்றைக்கு நாம் பயன்படுத்துவது அங்கே இருக்கிற ரிப்பீட்டரை மட்டும் என்று சொன்னேன்.

அந்தப் பாஸில்தான் இலங்கையிலிருந்து ஒரு 4எஸ் ஸ்டேஷன், சுத்தமான தமிழில். கிரிட் எம்ஜே 99 என்றேன். "நானும் எம்ஜே 99 தான் அண்ணா, தலைமன்னாரில நிக்கிறன்" என்றார். ஒரு நொடி எனக்குப் பேச்சு வரவில்லை. வரைபடத்தில் அது எனக்குத் தெரியும். மதுரை, ராமேஸ்வரம், தலைமன்னார், நெடுந்தீவு எல்லாம் ஒரே சதுரம், அதற்குத் தெற்கே எம்ஜே 98-ல் தூத்துக்குடியும் மன்னார் நகரமும் புத்தளமும் ஒன்றாக இருக்கின்றன. ஆனால் அதை இன்னொரு ஆள் கடலுக்கு அந்தப் பக்கம் நின்று தன் வாயால் சொல்லிக் கேட்பது வேறு. எங்கள் இருவருக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர் சொச்சம் தண்ணீர், குரல் போனதோ நானூறு கிலோமீட்டர் மேலே ஏறி. பாஸ் முடிந்ததும் 2 மீட்டரில் நேராகவே கூப்பிட்டுப் பார்த்தோம், பக்கத்துத் தெருவில் பேசுகிற மாதிரி வந்தார். அவர் வீட்டில் என்ன சமையல் என்பது வரை பேசினோம்.

கன்னியாகுமரியில் லாட்ஜ் மாடியில் சின்ன டிஷ்ஷை வைத்து க்யூஓ-100 கேட்டேன், கேட்க மட்டும்தான். அது 25.9 டிகிரி கிழக்கில் அசையாமல் நிற்கிற சாட்டிலைட், அங்கிருந்து பார்த்தால் மேற்கே 30 டிகிரி உயரத்தில் இருக்கும், பாஸுக்காகக் காத்திருக்க வேண்டாம். "டிவிக்கெல்லாம் கிழக்கால திருப்புவாங்க, நீங்க மேற்கால திருப்பியிருக்கீங்களே" என்று கண்டுபிடித்துக் கேட்டவர் லாட்ஜ் வாட்ச்மேன். டிஷ்ஷின் திசையைக் கவனித்த ஒரே ஆள் அவர். ஜெர்மனிக்காரர் ஒருவரும் தென்னாப்பிரிக்காக்காரர் ஒருவரும் பேசியதை இருவருமாகக் கேட்டோம்.

அடுத்து திருச்செந்தூர் போகலாம் என்று இருக்கிறேன், அங்கே எம்ஜே 98. அந்தப் பக்கம் புத்தளத்திலோ மன்னாரிலோ யாராவது அதே பாஸில் வருவதாக இருந்தால் இங்கேயே சொல்லுங்கள், தேதி பேசி வைத்துக்கொள்ளலாம். விண்கலம் வந்து இணைகிற நாளிலும் ஸ்பேஸ்வாக் நாளிலும் ஐஎஸ்எஸ் ரேடியோவை அணைத்து வைப்பார்கள், அதையும் பார்த்து முடிவு செய்வோம். 73 (ஹாம் வழக்கில் வாழ்த்துகள்).