வோல்டேஜ் டொமைனுக்குத் தமிழ்ச்சொல்: மின்னழுத்தப் புலமா, மின்கட்டா?

வணக்கம்.

பிட்காயின் அகழும் ஆண்ட்மைனர் எஸ்9 கருவியின் ஹேஷ்போர்டு (கணக்கிடும் சில்லுகள் பதித்த பலகை) பழுதுநீக்கக் கையேட்டில் ‘வோல்டேஜ் டொமைன்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஒரு போர்டில் 63 பிஎம்1387 சில்லுகள். மூன்று மூன்றாக இணை இணைப்பில் சேர்த்து 21 குழுக்கள். அந்தக் குழுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடர் இணைப்பில் நிற்கின்றன. போர்டிலுள்ள மாற்றி 12 வோல்ட்டைச் சுமார் 9 வோல்ட்டாக இறக்கித் தருகிறது. குழு ஒன்றுக்கு ஏறக்குறைய 0.43 வோல்ட். இந்தக் குழுவுக்கு ‘மின்னழுத்தப் புலம்’ அல்லது ‘மின்னழுத்தப்படி’ என்று வைக்கலாமா?

——

> மின்னழுத்தப் புலம்

வேண்டாம். மின்புலம் என்பது இயற்பியல் பாடத்தில் வேறு பொருளில் நிலைத்துவிட்ட சொல்.

> மின்னழுத்தப்படி

‘மின்னழுத்தப்படி அளக்கவும்’ என்று எழுதினால் ‘மின்னழுத்தத்துக்கு ஏற்ப’ என்றுதான் படிப்பார்கள். ‘அடுக்கு’ என்றால் பிசிபியின் (மின்சுற்றுப் பலகையின்) செம்பு அடுக்கோடு மோதும்.

‘மின்கட்டு’ என்று முன்மொழிகிறேன். பழைய வீடுகளில் முதற்கட்டு, இரண்டாங்கட்டு என்று ஒன்றைக் கடந்து அடுத்ததற்குப் போவதுபோல, மின்னோட்டமும் ஒவ்வொரு குழுவாகக் கடந்துதான் போகிறது. எண்ணிட்டுச் சொல்லவும் வசதி.

பொருள்வரையறையில் ஒன்றை விடக்கூடாது: ஒவ்வொரு மின்கட்டுக்கும் அதற்கே உரிய கிரவுண்டு (பூச்சியமாக வைத்து அளக்கும் புள்ளி) உண்டு. அளவெடுப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். எதிர்மின்முனையிலிருந்து பத்தாவது கட்டின் கிரவுண்டு, போர்டின் எதிர்மின்முனையைவிட 3.9 வோல்ட் உயரத்தில் இருக்கும். அந்தக் கட்டின் எல்டிஓ (மின்னழுத்தத்தைச் சீராக்கும் சிறு பாகம்) 1.8 வோல்ட்டைச் சரியாகத் தந்தாலும், மல்ட்டிமீட்டரின் கறுப்பு முனையைப் போர்டின் எதிர்மின்முனையில் வைத்தால் 5.7 காட்டும். நல்ல எல்டிஓவைக் கழற்றி வீணாக்கிவிடுவார்கள். இருபத்தோராவது கட்டில் இதே கணக்கு 10.4 வோல்ட் ஆகிறது; 9 வோல்ட்டிலிருந்து அதைத் தர முடியாது. மேல்கட்டுகளின் எல்டிஓக்களுக்கு மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் 14 வோல்ட் பூஸ்ட் சுற்று தனியாக இருப்பது அதற்காகத்தான். ‘குழு’, ‘பகுதி’ போன்ற சொற்களில் இந்த உயர வேறுபாடு தெரியாது.

——

மின்கட்டு எனக்கும் சம்மதம். வேலையில் வைத்துப் பார்த்தேன், வாக்கியங்கள் இடறவில்லை:

“ஒரு மின்கட்டின் அளவு பூச்சியத்தை ஒட்டி இருந்தால் அந்தக் கட்டில் ஷார்ட், மற்றக் கட்டுகள் சற்று ஏறியிருக்கும். ஒரு கட்டு மட்டும் மற்றவற்றைவிட உயர்ந்திருந்தால் அதிலுள்ள சில்லு ஏதோ குறைவாக மின்னோட்டம் இழுக்கிறது.”

“கழன்ற ஹீட்சிங்க் பக்கத்துக் கட்டைத் தொட்டால் ஷார்ட் ஆகும். மின்சாரம் கொடுக்குமுன் போர்டைச் சாய்த்து, எதுவும் ஆடுகிறதா என்று பாருங்கள்.”

கூடவே, ஒரு கட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்துக்குக் ‘கட்டெல்லை’ என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். கிளாக், ரீசெட், கட்டளை ஆகிய சமிக்ஞைகள் முதல் சில்லிலிருந்து 63ஆம் சில்லை நோக்கிப் போகின்றன. விடை எதிர்த்திசையில் திரும்புகிறது. கட்டு மாறும் ஒவ்வோரிடத்திலும் சமிக்ஞையும் புதிய கிரவுண்டுக்கு ஏற்ப மாற வேண்டும். சோதனைக் கருவி 63க்குப் பதில் 27 சில்லுகள் என்று காட்டினால், 27 ஒரு கட்டின் கடைசிச் சில்லு. எனவே முதலில் கட்டெல்லையைப் பாருங்கள். அந்தந்தக் கட்டின் கிரவுண்டை வைத்து அளந்தால் ரீசெட் 1.8, கிளாக் 0.9 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். சமிக்ஞை 27ஆம் சில்லில் கிடைத்து 28ஆம் சில்லில் கிடைக்கவில்லையென்றால் இடையிலுள்ள பாகங்களையும் 28ஆம் சில்லின் பற்றவைப்பையும் சோதிக்கலாம்.

இணைப்பு அத்தியாயத்தில் இந்தச் சொல் தேவைப்படாது. அங்கே சொல்ல வேண்டியது வேறு: போர்டின் மூன்று ஆறுமுனை இணைப்பிகளும் ஒரே பவர் சப்ளையிலிருந்து வர வேண்டும், 18 முனைப் பட்டைக் கம்பியை மின்சாரம் இருக்கும்போது செருகவோ உருவவோ கூடாது.

‘ஹேஷ்போர்டு’ அப்படியே இருக்கட்டும். கடைக்காரர் முதல் மெக்கானிக் வரை எல்லாரும் சொல்வது அதுதான்.