வால்பாறை மழையில் பின்பக்கம் வழுக்குகிறது: இசட்4-க்கு எந்த டயர், எவ்வளவு வரை செலவு செய்யலாம்?

பல்லடத்துப் பண்ணைக்காரன்:

வணக்கமுங்க. போன வருடம் பெங்களூரில் ஒருவரிடமிருந்து பிஎம்டபிள்யூ இசட்4 35ஐ, செகண்ட் ஹாண்ட் வாங்கினேன். காலேஜ் காலத்து ஆசை. கறிக்கோழி விலை இரண்டு வருடம் கைகொடுத்தது, எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வெளியே எடுப்பேன். வருடத்துக்கு 4,000 கி.மீ. ஓடினால் அதிகம்.

இரண்டு வாரம் முன்பு ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறினோம். கீழே ரோடு காய்ந்திருந்தது, வண்டி கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராகப் போனது. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ தாண்டியதும் தூறல் பிடித்துக்கொண்டது. அடுத்த கொண்டை ஊசியில் திரும்பி வெளியே வரும்போது ஆக்சிலேட்டரை லேசாகத்தான் தொட்டேன். பின்பக்கம் ஒரு சாண் வெளியே தள்ளிப்போய்த் திரும்பி வந்தது. வண்டி சறுக்காமல் பிடிக்கிற டி.எஸ்.சி. வேலை செய்வதைக் காட்டும் விளக்கு மினுக் மினுக் என்றது. இப்படி மூன்று தடவை. வீட்டுக்காரி கண்ணை மூடிக்கொண்டவள்தான், வால்பாறை வரை பேச்சே இல்லை.

நான்கும் ரன்ஃப்ளாட் (காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும்) டயர். முன்னால் 225/40 ஆர்18, பின்னால் 255/35 ஆர்18. பட்டன் (காடிகளுக்கு நடுவே நிற்கிற ரப்பர் கட்டை) எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. கடைகளில் விசாரித்ததில், நான்குக்கும் சேர்த்து, அதே ரன்ஃப்ளாட் என்றால் 1,20,000. ரன்ஃப்ளாட் இல்லாத நல்ல ஸ்போர்ட்ஸ் டயர் 92,000. ட்ரெட்வேர் (தேய்மானம் தாங்குகிற அளவு; எண் கூடினால் மெதுவாகத் தேயும்) 500 போட்ட சாதாரண டயர் 60,000, "45,000 கி.மீ. கண்ணை மூடிக்கிட்டு ஓடும்" என்கிறார் கடைக்காரர். எதை எடுப்பது? அந்தப் பணத்துக்கு ஒரு எருமை வாங்கலாம் என்று அம்மா வேறு சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஈரோடு டயர் கடை:

எந்த டயர் என்பது பொறவுங்க. இப்போது இருக்கிற டயருக்கு என்ன வயது? அதைச் சொல்லுங்கள் முதலில். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கி ஒரு வரி இருக்கும். அதன் கடைசி நான்கு எண் தேதி: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம். வெளிப்பக்கம் அந்த நான்கு எண் இல்லையென்றால் உள்பக்கம் இருக்கும், டார்ச் வைத்துப் பாருங்கள்.

அப்படியே டயரின் உள் ஓரத்தையும் கையால் தடவிப் பாருங்கள். நின்றபடி பார்த்தால் வெளி ஓரமும் நடுவும்தான் தெரியும். இந்த வண்டிக்குப் பின்சக்கரம் மேலே உள்பக்கம் சாய்ந்து நிற்கும்படி கம்பெனியே வைத்திருக்கிறது. தேய்மானம் முதலில் அங்கேதான்.

கரி டிராக் ஞாயிறு:

அண்ணா, யோசிக்கவே வேண்டாம். ட்ரெட்வேர் 200-க்குள் செமி ஸ்லிக் (டிராக்கில் ஓட்டுகிற, காடி குறைந்த டயர்) போடுங்கள். செட்டிப்பாளையம் கரி கார் ரேஸ் டிராக்கில் நாங்கள் அதைத்தான் போடுகிறோம். 2.1 கி.மீ. டிராக், மூன்றாவது சுற்றில் டயர் சூடானதும் கோந்து மாதிரி ஒட்டும். பிடிப்பு என்றால் அதுதான் பிடிப்பு.

பொள்ளாச்சி மலைவண்டி:

தம்பி, மூன்றாவது சுற்றில் சூடாகும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி. ஜூலை மழையில், இருபது கி.மீ. வேகத்தில், முன்னால் ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு, எந்தச் சுற்றில் சூடாகும்? செமி ஸ்லிக்கில் தண்ணீர் வெளியேறக் காடியும் குறைவு. காய்ந்த டிராக்கில் அது ராஜா, மலை மழையில் சோப்புக்கட்டி.

இன்னொன்று. தூறல் ஆரம்பித்த முதல் பத்து நிமிடம்தான் ரோடு மோசம். லாரி ஒழுகவிட்ட டீசலும் தூசியும் தண்ணீரோடு சேர்ந்து பிசுக்காகக் கிடக்கும். நன்றாக அடித்துப் பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். பொள்ளாச்சி பக்கம் தேங்காய் மட்டை லாரி சிந்திய தூள் நனைந்தால் அது தனி ரகம். ஆகவே முழுப் பழியையும் டயர் மேல் போட வேண்டாம். ஆனால் ஒரு சாண் தள்ளுவது சரியில்லைதான்.

கரி டிராக் ஞாயிறு:

சரிங்ணா, மழைக்கு என்றால் நான் சொன்னது தப்புதான். டிராக் புத்தி.

பல்லடத்துப் பண்ணைக்காரன்:

பார்த்துவிட்டேனுங்க. வண்டி தோட்டத்துச் சாளையில் தகரக் கொட்டகையில் நிற்கிறது. கோணிச்சாக்கை விரித்துப் படுத்து, செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் படித்தேன். முன்னால் இரண்டும் 0819. பின்னால் இரண்டும் 3215. அதாவது 2015 ஆகஸ்ட்! வண்டி விற்றவர் "டயர் புதுசு மாதிரி" என்றார், "மாதிரி" என்பதைத்தான் நான் கவனிக்கவில்லை.

உள் ஓரம் இரண்டு விரல் அகலத்துக்கு வழவழவென்று இருக்கிறது, காடியே இல்லை. வெளிப்பக்கம் காசைச் சொருகினால் கால்வாசி உள்ளே போகிறது. காடிக்குள் முடி மாதிரி மெல்லிய கீறல்கள். நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் குடத்தை அழுத்துவது போல இருக்கிறது. முன் டயரில் கீறல் இல்லை, நகம் கொஞ்சம் பதிகிறது.

ஈரோடு டயர் கடை:

நினைத்தேன். உங்களுக்கு இரண்டு நோய். ஒன்று வயது. வெயிலும் காற்றில் இருக்கிற ஆக்சிஜனும் ரப்பரை வருடா வருடம் இறுக்கும், அதை இளக்கமாக வைத்திருக்கிற எண்ணெய்ப் பசையும் போய்விடும். பல்லடம் வெயிலில் தகரக் கொட்டகை என்றால் கேட்கவே வேண்டாம். வண்டி ஓடாமல் நின்றாலும் இது நடக்கும். பட்டன் இருக்கிறது என்று ஏமாறுவது இங்கேதான். காய்ந்த ரோட்டில் சமாளிக்கும். ஈரத்தில், அதுவும் மலைக் குளிரில், இறுகிய ரப்பர் ரோட்டின் சொரசொரப்பைக் கவ்வாது.

இரண்டாவது, அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் நிற்கிற கோணம். சாய்வு இருப்பது சரி. ஆனால் இரண்டு விரல் அகலத்துக்கு வழுக்கை என்றால் டோ கோணமும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு) விலகியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் 92,000-க்கு டயர் போட்டால் ஒரே வருடத்தில் உள் ஓரத்தை ரம்பம் மாதிரி அறுத்துவிடும். நான்கு சக்கர அலைன்மெண்ட் பார்க்கிற கடையாகப் போங்கள். முன்சக்கரத்தை மட்டும் பார்த்துவிட்டு "முடிந்தது" என்பவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் ஷீட்டை வாங்கி, பின்சக்கர எண்கள் பச்சையில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ரன்ஃப்ளாட் விஷயம். காற்று முழுதும் போனாலும் 80 கி.மீ. வேகத்தில் சுமார் 80 கி.மீ. ஓட்டிக்கொண்டு போகலாம், அதற்காகப் பக்கச்சுவரைத் தடிமனாக வைத்திருக்கிறார்கள். அந்தத் தடிமன்தான் பள்ளத்தில் விழும்போது இடுப்பில் அடிக்கிறது. உங்கள் டயரின் பக்கச்சுவர் உயரமே ஒன்பது செ.மீ.தான் (255 மி.மீ. அகலத்தில் 35 சதவீதம், கணக்குப் போட்டுப் பாருங்கள்). இந்த வண்டியில் ஸ்டெப்னி கிடையாது, வைக்க இடமும் இல்லை. அதனால் ரன்ஃப்ளாட் இல்லாத டயருக்கு மாறினால் சீலண்ட் பாட்டிலும் சிகரெட் லைட்டரில் மாட்டுகிற சின்ன கம்ப்ரசரும் டிக்கியில் கட்டாயம். ஆணி குத்தினால் அது போதும். பக்கச்சுவர் கிழிந்தால் ரெக்கவரி வண்டிதான். இரவில் தனியாக நெடுந்தூரம் போகிற ஆள் என்றால் ரன்ஃப்ளாட்டிலேயே இருங்கள் என்பேன். ஞாயிறு காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவருக்கு அது தேவையில்லை.

கோபி கணக்கு டீச்சர்:

நான் ஓட்டுவது சாதாரண ஹாட்ச்பேக்தான். ஆனால் கணக்கில் ஒரு ஓட்டை தெரிகிறது, சொல்லிவிடுகிறேன்.

சாதாரண டயர் 45,000 கி.மீ. ஓடும் என்கிறார் கடைக்காரர். வருடம் 4,000 ஓட்டினால் அது தேய 11 வருடம் ஆகும். 60,000-ஐ 11-ஆல் வகுத்தால் வருடம் சுமார் 5,450, மலிவாகத்தான் தெரியும். ஆனால் டயர் ஓடாமல் நின்றாலும் வருடா வருடம் இறுகும் என்று மேலே படித்தோமே? ஆறு வருடத்தில் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 24,000 கி.மீ.யில் தூக்கிப் போடப் போகிறீர்கள். மீதி 21,000 கி.மீ.க்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். உண்மையான செலவு வருடம் 10,000.

ஸ்போர்ட்ஸ் டயர் பின்னால் 20,000 கி.மீ. வரும் என்று வைத்துக்கொள்வோம் (கடைக்கார அண்ணன் தப்பென்றால் திருத்தட்டும்). ஐந்து வருடம். 92,000-ஐ ஐந்தால் வகுத்தால் 18,400. வித்தியாசம் 8,400, மாதத்துக்கு 700 ரூபாய். ரப்பர் தேயவும் காயவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருகிறது, வீணாகிறது குறைவு. தினமும் திருப்பூர் போய் வருகிற வண்டி என்றால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும், அப்போது நானும் ட்ரெட்வேர் 500 டயரைத்தான் சொல்வேன்.

ஈரோடு டயர் கடை:

டீச்சர் கணக்கு சரிங்க. 20,000 என்பது நிதானமாக ஓட்டுகிறவருக்கு வரும், அவசரக்காரருக்கு 15,000. முன்னால் இன்னும் கூடவே வரும். முன்னும் பின்னும் சைஸ் வேறு என்பதால் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைப் பங்கு வைக்க வழியில்லை. ட்ரெட்வேர் எண்ணை ஒரே கம்பெனி டயர்களுக்குள் ஒப்பிடுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் தானே சோதித்துப் போட்டுக்கொள்கிற எண் அது, கம்பெனி விட்டுக் கம்பெனி ஒப்பிட்டால் ஏமாற்றும்.

பல்லடத்துப் பண்ணைக்காரன்:

அப்படியானால் இப்போதைக்குப் பின்னால் இரண்டை மட்டும் மாற்றலாமா? முன்னால் 2019-தானே.

ஈரோடு டயர் கடை:

பின்னால் மட்டும் மாற்றுவதால் வண்டி பின்பக்கம் தூக்கி அடிக்காது, அந்த வகையில் தப்பில்லை. முன்னால் புதுசு பின்னால் பழசு, அதுதான் ஆபத்து. ஆனால் பிரேக் பிடிக்கும்போது எடை முழுக்க முன்னால் வந்து விழும். ஆறு வயது தாண்டிய டயரை வைத்து வால்பாறையில் இறங்கச் சொல்ல எனக்கு வாய் வராது. முடிவு உங்களுடையது.

பல்லடத்துப் பண்ணைக்காரன்:

முடிவை வீட்டில் எடுத்துவிட்டார்கள். "பின்னாடி ரெண்டு புதுசு, முன்னாடி ரெண்டு பழசா? ரெண்டே சீட்டு வண்டியில நான் எங்க உக்கார்றேன்?" என்று கேட்டாள். நான்கும் மாற்றுகிறேன். மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4 இரண்டு சைஸிலும் கிடைக்கும் என்கிறார்கள், ஆனால் பின் டயர் வர இரண்டு வாரம் ஆகுமாம்.

பொள்ளாச்சி மலைவண்டி:

2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும் என்று ஆக்கினார்கள். அதிலிருந்து இந்த மாதிரி சைஸ்களுக்குக் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது. அவசரப்பட்டு, கடையில் தூங்குகிற பழைய ஸ்டாக்கை வாங்கிவிடாதீர்கள். பில் போடும் முன் அந்த நான்கு எண்ணைப் படியுங்கள், ஒரு வருடத்துக்கு மேல் என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். வேகக் குறியீடு டபிள்யூ அல்லது ஒய் இருக்க வேண்டும், முறையே 270, 300 கி.மீ. "எச் போதும்ணா, நம்ம ரோட்டுல யார் 210 போறாங்க" என்பார்கள், கேட்காதீர்கள்.

பல்லடத்துப் பண்ணைக்காரன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். டயர் போட்டாயிற்று, தேதி நான்கு மாதம்தான். அலைன்மெண்ட் ஷீட்டில் பின்பக்கம் இரண்டு சக்கரமும் சிவப்பில் இருந்தது, பச்சைக்குக் கொண்டுவர இரண்டு மணி நேரம் ஆனது. காற்று, கதவோரம் ஒட்டியிருக்கிற சீட்டில் உள்ளபடி. நைட்ரஜன் போடச் சொன்னார்கள், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதானே என்று விட்டுவிட்டேன். புது ரப்பரின் மேல்பூச்சு போகட்டும் என்று முதல் 300 கி.மீ. பல்லடம்–பொள்ளாச்சி ரோட்டிலேயே மெதுவாக உருட்டினேன். வேகத்தடை ஏறும்போது "டம்" என்கிற சத்தம் "தப்" என்று ஆகியிருக்கிறது.

நேற்று மறுபடி வால்பாறை. அட்டகட்டி வரை நல்ல மழை. அதே வளைவுகள். ஒரே ஒரு இடத்தில் விளக்கு ஒரு தடவை மினுக்கியது, அதுவும் நான் வேண்டுமென்றே கொஞ்சம் மிதித்துப் பார்த்தபோது. வீட்டுக்காரி பாதி வழியில் தூங்கிவிட்டாள். டீச்சர் சொன்ன 700 ரூபாயை அம்மாவிடம் சொன்னேன், "மாசாமாசமா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு சந்தேகம். இறங்கும்போது டேஷ்போர்டில் டயர் அடையாளம் மஞ்சளாக எரிந்தது. காற்று நான்கிலும் சரியாக இருக்கிறது.

ஈரோடு டயர் கடை:

புது டயர் போட்டதும் மெனுவுக்குள் போய், டயர் காற்றைக் கண்காணிக்கிற அமைப்புக்கு ரீசெட் கொடுத்தீர்களா?

பல்லடத்துப் பண்ணைக்காரன்:

இல்லீங்க. கடையிலும் சொல்லவில்லை. பொழுதோட போய்க் கொடுத்துப் பார்க்கிறேன்.