பாஸ்கல் ஏறாத மலை

அக்கா: பெரியப்பா, புயல் அறிக்கையில் காற்றழுத்தத்தை ஹெக்டோபாஸ்கலில் சொல்கிறார்களே, அந்த பாஸ்கல் யார் என்று சின்னவன் கேட்கிறான். கணக்கில் வரும் பாஸ்கல் முக்கோணமும் இவருடையதுதானா?

பெரியப்பா: அவரேதான் அம்மா. பிளேஸ் பாஸ்கல் 1623-இல் பிரான்சின் கிளெர்மோன் நகரில் பிறந்தவர். அந்த முக்கோணத்தை அவருக்கு முன்பே இந்தியாவிலும் சீனாவிலும் அறிந்திருந்தார்கள். காற்றழுத்த அலகுக்கு அவர் பெயரை வைத்ததுதான் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

அத்தை: வரி அதிகாரியான அப்பா இரவெல்லாம் கூட்டிக் கழித்துச் சிரமப்படுவதைப் பார்த்து, இருபது வயதுக்குள்ளேயே கணக்கிடும் இயந்திரம் செய்யத் தொடங்கியவர் இவர்தானே அண்ணா?

பெரியப்பா: ஆம். பல்சக்கரங்களால் இயங்கிய கருவி அது. காற்றின் கதைக்கு வருகிறேன். பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைப் பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்தால், அது சிறிது இறங்கி நின்றுவிடும் என்று இத்தாலியில் டோரிசெல்லி காட்டியிருந்தார். வெளிக்காற்றின் எடைதான் அதைத் தாங்குகிறது என்றால், மேலே காற்று குறைந்திருக்கும் மலை உச்சியில் பாதரசம் இன்னும் இறங்க வேண்டும் என்பது பாஸ்கலின் எண்ணம்.

நான்: அவரே மலை ஏறிப் பார்த்தாரா பெரியப்பா?

பெரியப்பா: இல்லையப்பா. அவர் பாரிஸில் இருந்தார், உடல்நலமும் சரியில்லை. கிளெர்மோனில் இருந்த தம் அக்காள் கணவர் ஃப்ளோரின் பெரியேவுக்கு 1647 நவம்பரில் கடிதம் எழுதினார். மறு ஆண்டு செப்டம்பர் 19 அன்று பெரியே, ஊர்ப் பெரியவர்கள் சிலருடன் 1,465 மீட்டர் உயரமுள்ள பூய் தெ தோம் மலையில் ஏறினார். அடிவாரத்து மடத்துத் தோட்டத்தில் 26 அங்குலத்துக்குச் சற்று மேல் நின்ற பாதரசம், உச்சியில் 23 அங்குலத்துக்குச் சற்று மேல்தான் நின்றது. வெட்டவெளியிலும் அங்கிருந்த சிறு தேவாலயத்துக்குள்ளும் இடம் மாற்றி மாற்றி அளந்தும் அளவு மாறவில்லை. என்னை நெகிழ வைப்பது இன்னொன்று: அதே போன்ற வேறொரு குழாயை மடத்திலேயே விட்டு, நாள் முழுவதும் கவனிக்க ஒரு துறவியை அமர்த்தியிருந்தார்கள். அது அசையவே இல்லை. ஆகவே, அன்றைய வானிலை மாறியதால் பாதரசம் இறங்கியது என்று யாரும் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

அக்கா: சின்னவனுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். கீழேயே உட்கார்ந்திருந்தவரின் பெயர் என்ன என்று கேட்கிறான்.

பெரியப்பா: ஷஸ்தேன் பாதிரியார் என்று சொல் அம்மா. பெரியே தம் அறிக்கையில் அவர் பெயரை மறக்காமல் எழுதியிருக்கிறார்.