தூக்காதீங்க அத்தை!

எடிசன், நியூ ஜெர்சி:
மொரிஸ்டவுனில் உள்ள சீயிங் ஐ, பார்வையற்றவர்களுக்கான வழிகாட்டி நாய்களைப் பழக்கும் நிறுவனம். 1929ல் தொடங்கியது. குட்டிகளை ஏழெட்டு வாரத்தில் தன்னார்வலர் வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு வயது தாண்டியதும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். மகள் அடம்பிடித்ததால் எங்கள் வீட்டுக்கும் ஒரு லாப்ரடார் குட்டி வந்தது. விருதுநகரிலிருந்து வந்திருந்த அத்தை, "வாடகைக்குப் பிள்ளை வளர்க்கிற கதையால்ல இருக்கு" என்றார்.

சொன்னவர்தான் முதல் ராத்திரியே கூண்டைத் திறந்து அவனை மடியில் போட்டுக்கொண்டார்! மூன்று வாரம் இதே கதை. 'பார்க் டைம்' என்றால் ஒன்றுக்கு விடும் நேரம் என்று மட்டும் கற்றுக்கொண்டார். மற்ற எதையும் காதில் வாங்கவில்லை. விளைவு, பின்வாசலில் இருக்கும் மூன்றே படியை ஏறாமல் கீழே உட்கார்ந்து முனகுவான். யாராவது தூக்கணும்.

சீயிங் ஐ சார்பில் வீடு வீடாக வந்து பார்க்கும் பெண்மணி, "படிக்கு மேலே உட்காருங்கள், பேசாமல் இருங்கள்" என்றார். இருபது நிமிஷம். மூக்கை வைத்தான், ஒரு காலை வைத்தான், சறுக்கினான், அழுதான். பார்க்கப் பொறுக்காமல் அத்தை அடுப்படிக்குப் போய்விட்டார். ஏறியவன் என்ன செய்தான் தெரியுமா? தானே இறங்கிப் போய் இன்னொரு தடவை ஏறினான்.

பிறகுதான் 2017ல் வந்த ஓர் ஆய்வைப் படித்தேன். இதே சீயிங் ஐயில் 23 தாய்நாய்கள், 98 குட்டிகள்; முதல் ஐந்து வாரம் படம்பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். படுத்தபடி பால் கொடுத்த தாயின் குட்டிகளைவிட, நின்றோ உட்கார்ந்தோ கொடுத்த தாயின் குட்டிகள்தான் பயிற்சியில் அதிகம் தேறினவாம். எக்கி, முண்டிக் குடிக்க வேண்டுமே! இது வளர்ப்பா, பரம்பரையா என்று அதை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாதுதான். அத்தையிடம் சொன்னேன். "நாலு பெத்தவளுக்கு நின்னுக்கிட்டே குடுக்கத்தான் நேரமிருக்கும், இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?"

கவென்ட்ரி, இங்கிலாந்து:
அக்கா, உங்க அத்தை பக்கம் நான் கொஞ்சம் பேசணும். எங்க வீட்டில் தாய்நாயே இருந்தது, பிரசவமும் இங்கேதான். கண் திறக்க இரண்டு வாரம் ஆகும், காது அதுக்கும் பின்னாடி. அதுவரை குட்டியோட அடிவயிற்றைத் தாய் நக்கிவிட்டால்தான் அதுக்கு மூத்திரமே வரும். மூணாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினாலு வாரம் வரைக்கும்தான் முக்கியமான காலம். அப்போ பார்த்ததுக்கும் கேட்டதுக்கும் பின்னாடி அவ்வளவா மிரளாது. கால் மிதியடி, டைல்ஸ், தகரத் தட்டு என்று தினம் ஒண்ணு மேல நடக்க விடுவோம். குக்கர் விசில், மிக்ஸி எல்லாம் எங்க குட்டிகளுக்குத் தாலாட்டு மாதிரி. ஆனா பக்கத்து வீட்டுக்காரர் குடையை விரிச்சதும் ஒருத்தன் சோபாவுக்கு அடியில் போனவன் சாயங்காலம்தான் வெளியே வந்தான். குடை எங்களுக்குத் தோணவே இல்லை, அதுவும் இங்கிலாந்தில்!

தடுப்பூசி முடியாத குட்டியை வெளியே தரையில் விட முடியாது. பையில் வைத்துத் தூக்கிக்கொண்டுதான் பஸ் ஸ்டாப்பைக் காட்டணும். அதனால் தூக்குவது தப்பில்லை. அதுவா ஏறக்கூடிய படியில் தூக்குவதுதான் தப்பு.

டொரன்டோ:
நான் பார்வையில்லாதவன், இந்த நாய்களோடு நடக்கும் ஆள். என் நாய் படிக்கட்டு வந்தால் நின்றுவிடும். நான் காலால் தடவி, "ஃபார்வர்ட்" சொன்ன பிறகே ஏறும். ஒருநாள் சொல்லியும் நகரவில்லை. திட்ட வாயெடுத்தேன், சத்தமே இல்லாத மின்சாரக் கார் ஒன்று முன்னால் போனது. இதை யார் வீட்டில் வளர்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எடிசன் அக்கா, உங்கள் பையன் தேறினானா? சொல்லவே இல்லையே.

எடிசன், நியூ ஜெர்சி:
தேறினான் தம்பி. கடைசியில் மொரிஸ்டவுன் தெருவில் அவன் வேலை செய்வதை, அவனுக்குத் தெரியாமல் பின்னாலேயே போய்ப் பார்க்கவிட்டார்கள். கூப்பிடக் கூடாது. அத்தை வீடியோ காலில் இருந்தார். "கேமராவைக் கிட்டக் கொண்டுபோ. புள்ள இளைச்சிட்டானே!"