அமெரிக்க மரைன்கள் கடற்படைக்குக் கீழா, பக்கத்திலா?

மகரந்தன்:
மரைன் கோர் (கப்பலில் போய்க் கரையிறங்கிச் சண்டையிடும் அமெரிக்கப் படை) கடற்படையின் ஒரு பிரிவு என்று ஓரிடத்தில் படித்தேன், தனிப்படை என்று இன்னோரிடத்தில். அதன் தலைவரான கமாண்டன்ட் கூட்டுப் படைத்தலைவர்கள் குழுவில் உட்காருகிறார். எஃப்-35 போர் விமானம், பீரங்கி எல்லாம் சொந்தமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் கப்பல், டாக்டர், பாதிரியார் எல்லாம் கடற்படையுடையது. நடைமுறையில் யார் யாருக்கு உத்தரவு போடுகிறார்கள்? கப்பல் ஏறினால் மரைன் கர்னல் கடற்படைக்காரருக்குக் கட்டுப்பட்டவரா? போரில் அவர்கள் விமானங்களை விமானப்படை எடுத்துக்கொள்ள முடியுமா?

கோப்புக்கட்டு:
கடற்படைத் துறை என்பது ஒரு சிவிலியன் செயலரின் கீழ் இயங்குவது. அதற்குள் இரண்டு படைகள்: கடற்படை, மரைன். கடற்படைத் தளபதியும் மரைன் கமாண்டன்டும் அந்தச் செயலரிடம் தனித்தனியாகத்தான் பதில் சொல்கிறார்கள். அட்மிரல் கமாண்டன்டின் மேலதிகாரி அல்ல.

இந்த ஏற்பாட்டின் வேர் 1834 சட்டம். அதற்கு முன் மரைன் கப்பலில் இருந்தால் கடற்படை விதி, கரையில் இருந்தால் தரைப்படை விதி. ஒரே ஆளுக்கு இரண்டு சட்டம் என்றால் தகராறு வராமல் இருக்குமா? 1834-இல் கடற்படைத் துறையோடு சேர்த்தார்கள், ஜனாதிபதி உத்தரவிட்டால் தரைப்படையோடு பணியாற்றலாம் என்ற விலக்கோடு. முதல் உலகப் போரில், 1918-இல், பிரான்சின் பெல்லோ காட்டில் சண்டையிட்ட மரைன் பிரிகேட் தரைப்படையின் 2-ஆவது டிவிஷனுக்குள்தான் இருந்தது.

1950-இல் ஜனாதிபதி ட்ரூமன் ஒரு காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதிய கடிதத்தில் மரைன்களைக் கடற்படையின் போலீஸ் என்று எழுதி, பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. 1952-இல் வந்த சட்டம் குறைந்தது மூன்று டிவிஷன், மூன்று விமானப் பிரிவு இருந்தே ஆக வேண்டும் என்றது. தங்களைப் பற்றிய விஷயம் வரும்போது மட்டும் கமாண்டன்டுக்குக் கூட்டுக் குழுவில் சம இடம் தந்தது. முழு உறுப்பினர் ஆனது 1978-இல்.

உண்மையான பிடி பணத்தில் இருக்கிறது. மரைன் விமானங்கள் கடற்படையின் விமானக் கொள்முதல் நிதியிலிருந்து வாங்கப்படுகின்றன. லாரி, ரேடியோ, பீரங்கிக்குத்தான் தனி மரைன் கொள்முதல் கணக்கு. கப்பல் வேண்டும் என்று கமாண்டன்ட் கேட்கலாம், கட்டும் பணம் கடற்படையிடம். அதனால்தான் கரையிறங்கு கப்பல்கள் 31-க்குக் குறையக் கூடாது, அதில் 10 விமானம் ஏறி இறங்கும் பெரிய மேல்தளம் கொண்டவை என்று காங்கிரஸ் சட்டத்தில் எழுத வேண்டிவந்தது.

அலைமுகம்:
மேலே சொன்னது வாஷிங்டன் கதை. சண்டை என்று வந்தால் இரண்டு தலைமைகளுக்குமே நேரடி உத்தரவு அதிகாரம் இல்லை. 1986 கோல்ட்வாட்டர்-நிக்கல்ஸ் சட்டத்துக்குப் பிறகு ஆள் சேர்ப்பது, பயிற்சி, தளவாடம்தான் அவர்கள் வேலை. படையை நடத்துவது பசிபிக் போன்ற பிராந்தியக் கூட்டுத் தளபதி.

கப்பலில் எப்படி? ஒரு மரைன் பயணப் பிரிவு சுமார் 2,200 பேர். தலைமை, தரை, விமானம், தளவாடம் என நான்கு அங்கம், 15 நாள் சரக்கு, ஏற்றிச் செல்ல வழக்கமாக மூன்று கப்பல்கள். கப்பல்களுக்குக் கடற்படைக் கேப்டன் தலைவர், இறங்கும் படைக்கு மரைன் கர்னல். கப்பலின் பாதுகாப்பில் கேப்டன் சொல்வதே முடிவு. ஆனால் தாக்குதல் திட்டத்தில் இருவரும் சமம். எந்தக் கட்டத்தில் யார் முன்னணி, யார் துணை என்பதை மேலிருந்து வரும் ஆணையிலேயே எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் கடற்கரையில் வைத்துத்தான் சண்டை.

இரண்டாம் உலகப் போரில் பசிபிக்கின் குவாடல்கனால் தீவில் நடந்த கரையிறக்கம் இதற்குப் பாடப்புத்தகம். 1942 ஜூலையில் நியூசிலாந்தின் வெலிங்டனில் வணிக முறையில் நிரப்பிய கப்பல்களை இறக்கிப் போர் முறையில் ஏற்ற வேண்டியிருந்தது. போர் முறை என்றால் முதலில் தேவைப்படுவது கடைசியில் ஏறும். இடம் வீணானாலும் பரவாயில்லை. கொட்டும் மழையில் மரைன்களே மூட்டை தூக்கினார்கள். அட்டைப்பெட்டிகள் ஊறிப் பிய்ந்தன. ஆகஸ்டில் இறங்கியபோது கரையில் சரக்கை அகற்ற ஆள் போதவில்லை, படகுகள் இறக்க இடமின்றி வெளியே மிதந்தன. அதைச் செய்ய வேண்டியது மாலுமியா மரைனா என்ற பேச்சு வேறு. சாவோ தீவருகே ஜப்பானியரிடம் கண்ட கடற்போர்த் தோல்விக்குப் பின் ஆகஸ்ட் 9 அன்று கப்பல்கள் பாதிச் சரக்கோடு போய்விட்டன. கரையில் இருந்த மரைன் தளபதி வாண்டகிரிப்ட், கப்பல்களின் தலைவரான அட்மிரல் டர்னருக்குக் கீழ் வைக்கப்பட்டிருந்தார். திட்டமிடலில் இருவரும் சமம் என்ற விதி அந்த உரசலில் பிறந்ததுதான்.

இன்றும் எல்லைக்கோடு வாகனத்துக்கு வாகனம் மாறும். கப்பலிலிருந்து கரைக்குக் கனரகச் சுமை கொண்டுபோகும் எல்கேக் ஹோவர்கிராஃப்ட் (காற்று மெத்தையில் ஓடும் படகு, சுமார் 60 டன் சுமை) கடற்படை ஓட்டுவது; நீந்தும் கவச வாகனம் மரைன் ஓட்டுவது. 'அமெரிக்கா', 'டிரிப்போலி' என்ற கரையிறங்கு கப்பல்களில் விமானத்துக்கு இடம் தர வெள்ளத்தளத்தையே (படகுகள் உள்ளே வந்து போகக் கடல்நீர் புகவிடும் பின்பகுதித் தளம்) எடுத்துவிட்டார்கள், அதனால் எல்கேக் உள்ளே வர முடியாது. கனரக வாகனங்கள் துணைக் கப்பலை நம்ப வேண்டியதாயிற்று. அதே வகையில் அடுத்த கப்பலான பூகன்வில்லில் வெள்ளத்தளம் திரும்பி வந்தது.

கலிபோர்னியாவின் சான் கிளெமென்டே தீவருகே 2020 ஜூலையில் நீந்தும் வாகனம் மூழ்கியது இப்படியான எல்லைக்கோட்டில்தான். வாகனத்தின் மோசமான நிலை, ஆட்களின் பயிற்சிக் குறைவு, தண்ணீரில் பாதுகாப்புப் படகே இல்லாதது எனக் காரணங்கள் வரிசையாக வந்தன. இறந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் மரைன், ஒருவர் அவர்களோடு இருந்த கடற்படை மருத்துவ உதவியாளர்.

சிறகு:
விமானக் கேள்விக்கு மட்டும். 1986-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மரைன் விமானங்கள் மரைன் தளபதியிடமே இருக்கும். தன் தேவைக்கு மிஞ்சிய பறத்தல்களையும், வான் பாதுகாப்பு, தொலைதூரத் தாக்குதல், தொலைதூர உளவு ஆகியவற்றுக்கானவற்றையும் கூட்டு வான் தளபதியிடம் தர வேண்டும். விமானப்படைக்கு இது பிடித்ததில்லை. பீரங்கி குறைந்த மரைன்களுக்கு விமானமே பீரங்கி என்பதால் அவர்கள் விட்டுக்கொடுப்பதும் இல்லை.

மகரந்தன்:
தெளிவு, நன்றி. அப்படியென்றால் இந்தியாவின் மார்கோஸ் இதே மாதிரிதானா?

கோப்புக்கட்டு:
இல்லை. மார்கோஸ் 1987-இல் தொடங்கிய கடற்படைச் சிறப்புப் படை. சிறு குழுக்களாகச் செல்பவர்கள், பிரிகேட் கணக்கில் கரையிறங்குபவர்கள் அல்ல. இந்தியாவில் அந்த வேலை திருவனந்தபுரத்தின் 91-ஆவது பிரிகேட் போன்ற தரைப்படைப் பிரிவுகளுக்கு. ஏற்றிச் செல்வது ஜலாஷ்வா மாதிரியான கடற்படைக் கப்பல்.

நாட்டுக்கு நாடு விதம் வேறு. பிரான்சில் 'கடல் துருப்புகள்' என்ற பெயரில் இருப்பவர்கள் தரைப்படை. கடற்படையின் கீழ் இருப்பவர்கள் ஃபுசிலியே மரேன். ஜப்பான் 2018-இல் கரையிறங்கு பிரிகேடைத் தரைப்படையில் வைத்தது. இலங்கை 2016-இல் மரைன் பிரிவைக் கடற்படைக்குள் தொடங்கியது. தென்கொரியா 1973-இல் மரைன் தலைமையகத்தைக் கலைத்துக் கடற்படையில் கரைத்து, 1987-இல் மறுபடி நிறுவியது. ஒரு நாட்டு மரைன்களைப் பற்றிப் படிக்கும்போது, கப்பல் யாருடையது, அதைக் கட்டும் பணம் யார் கையில் என்று முதலில் பாருங்கள். பதவிப் பெயர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.