பேட்சைப் போட்ட இரவும் எடுத்த இரவும்: வலையமைப்பு மேலாண்மைச் சேவையகங்களில் எங்கள் அனுபவங்கள்

பழைய யூனிக்ஸ்காரன் எழுதியது:

பேட்ச், அதாவது மென்பொருளின் குறைகளைச் சரிசெய்யும் திருத்தத் தொகுப்பு, போடுவது எப்படி என்று சொல்லும் குறிப்புகள் எங்கும் கிடைக்கின்றன. போட்ட பேட்சை எடுக்க நேர்ந்த இரவைப் பற்றி எழுதுபவர்கள் மிகச் சிலரே. நான் வலையமைப்புச் சாதனங்களை வரைபடத்தில் காட்டிக் கண்காணிக்கும் ஓப்பன்வியூ நெட்வொர்க் நோட் மேனேஜர் மென்பொருளை, ஹெச்பி-யூஎக்ஸ் என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளம் ஓடும் சேவையகம் ஒன்றில் பல ஆண்டுகள் பராமரித்தவன். அங்கே நான் செய்த ஒரு தவற்றை முதலில் எழுதுகிறேன்; இதே வகை அனுபவம் உள்ளவர்கள் தொடர வேண்டுகிறேன்.

அந்த இயங்குதளத்தைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பேட்ச் என்பது ‘பிஹெச்எஸ்எஸ்’ என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் சேர்ந்த பெயருடைய ஒற்றைக் கோப்பாக வரும். அதை ஷெல்லில் ஓட்டினால் இரண்டாகப் பிரியும். ஒன்று, நிறுவவேண்டிய பொருள் அடங்கிய டெப்போ. மற்றொன்று, எந்தக் குறைகள் சரிசெய்யப்பட்டுள்ளன, எந்தப் பழைய பேட்சுகளுக்கு இது மாற்று, எவை முன்பே இருந்தாக வேண்டும், நிறுவும்போது தனிக் கவனம் எதற்குத் தேவை என்பதையெல்லாம் சொல்லும் உரைக்கோப்பு. அந்த உரைக்கோப்பில் முதல் இரண்டு திரைகளை மட்டும் படித்துவிட்டு மூடியவன் நான்.

சனிக்கிழமை இரவு பதினொரு மணி முதல் மூன்று மணி வரை எங்களுக்கு அனுமதி. கட்டுப்பாட்டு அறையில் யாரோ திறந்துவைத்துப் போன வரைபடச் சாளரங்களை மூடச்செய்து, ‘ஓவிஸ்டாப்’ கொடுத்து எல்லாச் செயல்களையும் நிறுத்தி, ‘எஸ்டபிள்யூஇன்ஸ்டால்’ கட்டளையைத் தொடங்கினேன். அது கோப்புகளைத் தொடுவதற்கு முன்பே ஓர் ஆய்வுக் கட்டத்தை நடத்தும். அந்த ஆய்விலேயே, பதிவேடுகள் போன்றவை இருக்கும் ‘வார்’ என்ற வட்டுப் பகுதியில் இடம் போதவில்லை என்று நின்றுவிட்டது. காரணம் எளிது. பேட்ச் தான் மாற்றப்போகும் ஒவ்வொரு பழைய கோப்பையும் ‘வார்’ பகுதிக்குள் ஒரு சேமிப்பு அடைவில் பத்திரப்படுத்தும். பின்னாளில் பேட்சை நீக்கும்போது அங்கிருந்துதான் பழையவை திரும்பி வரும். பழைய கோப்புகளைச் சேமிக்காதே என்று சொல்லும் விருப்பம் ஒன்று உண்டு என்பது எனக்குத் தெரியும். இரவு பன்னிரண்டு மணிக்கு எந்தப் பதிவேட்டை அழிக்கலாம் என்று தேடிக்கொண்டிருப்பதைவிட அந்த விருப்பத்தைக் கொடுப்பது சுலபமாகத் தோன்றியது. கொடுத்தேன். இருபது நிமிடத்தில் நிறுவல் முடிந்தது. ‘ஓவிஸ்டேட்டஸ்’ எல்லாச் செயல்களும் ஓடுகின்றன என்று காட்டியது.

இரண்டு மணிக்குத்தான், எங்கள் அலுவலகத்திலேயே எழுதப்பட்ட ஒரு ஸ்கிரிப்ட் வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. ஓப்பன்வியூ கட்டளை ஒன்றின் வெளியீட்டைப் படித்து, ஜிஎஸ்எம் மோடம் வழியாகப் பணியில் இருக்கும் பொறியாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ஸ்கிரிப்ட் அது. சோதனைக்காக ஒரு இணைப்பைத் துண்டித்துப் பார்த்தோம்; திரையில் சிவப்பு வந்தது, கைபேசியில் எதுவும் வரவில்லை. பேட்சைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று முடிவு செய்து ‘எஸ்டபிள்யூரிமூவ்’ என்ற நீக்கும் கட்டளையைக் கொடுத்தபோது, இந்த பேட்ச் உறுதிசெய்யப்பட்டுவிட்டது, இதைத் தனியாக நீக்க முடியாது என்ற பொருளில் பதில் வந்தது. சேமிக்காமல் போட்ட பேட்ச் அந்தக் கணமே அடிப்படை மென்பொருளின் பகுதியாகிவிடுகிறது. அதை எடுக்கவேண்டுமானால் மென்பொருள் முழுவதையும் எடுக்கவேண்டும்.

எடுத்தோம். குறுவட்டிலிருந்து அடிப்படைப் பதிப்பு, அதன்மேல் பழைய பேட்சுகள் ஒவ்வொன்றாக வரிசைப்படி, அதன்மேல் ‘ஓவிபேக்கப்’ எடுத்து வைத்திருந்த தரவு. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வரைபடம் மீண்டும் பச்சையானது. பின்னால் நிதானமாக அந்த உரைக்கோப்பைப் படித்தபோது, கட்டளையின் வெளியீட்டு அமைப்பு மாறுவது நான்காம் திரையில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. நீக்கவே தேவையில்லாத பேட்சை நீக்குவதற்காகப் பதினைந்து மணி நேரம் உழைத்திருக்கிறோம்.

சோலாரிஸ் வாசி எழுதியது:

ஐயா, உங்கள் ‘வார்’ பகுதிக்கு எங்கள் ‘வார்’ உறவினர். சோலாரிஸ் என்ற மற்றொரு யூனிக்ஸ் இயங்குதளத்தில், பேட்ச் போடும் ‘பேட்ச்ஆட்’ கட்டளையும் பழைய கோப்புகளைச் சுருக்கி ‘வார்-எஸ்ஏடிஎம்’ அடைவுக்குள் ‘அன்டூ’ என்ற பெயரில் வைக்கும். சேமிக்கவேண்டாம் என்று சொல்ல அங்கும் ஒரு விருப்பம் உண்டு. நாங்கள் அந்த விருப்பத்தைக் கொடுக்கவில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து வட்டு நிரம்பியபோது, புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் பெரிய கோப்புகளைத் தேடிப் பட்டியலிட்டு, யாரும் திறந்து பார்க்காத பழைய சுருக்கக் கோப்புகள் என்று நினைத்து அவற்றை அழித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அவை எதற்காக இருக்கின்றன என்பதை நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. பேட்சை நீக்க ‘பேட்ச்ஆர்எம்’ கொடுத்த நாளில்தான் இழப்பு தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சேமிப்பு பத்திரமாக இருந்து நீக்கம் ஒழுங்காக நடந்தாலும், திரும்பி வருவது பேட்ச் போட்ட நாளின் நிலைதான். எங்கள் கண்காணிப்பு மென்பொருளின் தொடக்க ஸ்கிரிப்டில் பேட்ச் போட்ட பிறகு ஒரு சூழல் மாறியை, அதாவது மென்பொருள் தொடங்கும்போது படிக்கும் ஓர் அமைப்பு மதிப்பை, கையால் சேர்த்திருந்தோம். பேட்சை நீக்கியதும் அந்த வரி இல்லாத பழைய ஸ்கிரிப்ட் வந்து உட்கார்ந்துகொண்டது. எதுவும் பிழை என்று சொல்லவில்லை; அடுத்த முறை சேவையகம் மறுதொடக்கம் ஆனபோதுதான் அறிக்கைகள் வேறொரு அடைவில் விழத் தொடங்கின. அதோடு, மேலே ஒரு பேட்ச் உட்கார்ந்திருக்கும்போது கீழே இருப்பதை உருவ முடியாது. கடைசியாகப் போட்டதைத்தான் முதலில் எடுக்கவேண்டும்.

இரவுப்பணி எழுதியது:

நான் பேட்ச் போடுபவன் அல்லன். போடும் நேரத்தில் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருப்பவன். எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல விரும்புகிறேன். மேலாண்மைச் சேவையகத்தை நிறுத்தினால் வலையமைப்பு நிற்பதில்லை, நமக்குக் கண் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் நடப்பவை எல்லாம் பிறகு தெரிந்துவிடும் என்று எண்ணுவது தவறு. சேவையகம் தானே போய்க் கேட்கும் தகவல்கள், மீண்டும் தொடங்கியதும் அடுத்த சுற்றில் கிடைத்துவிடும். எஸ்என்எம்பி என்ற வலையமைப்பு மேலாண்மை நெறிமுறையில் சாதனங்கள் தாமாக அனுப்பும் எச்சரிக்கைச் செய்திகளான ட்ராப்புகள் அப்படியல்ல. அவை, சேர்ந்ததா என்று உறுதிசெய்யாத யூடிபி முறையில், 162 என்ற போர்ட்டுக்கு வருகின்றன. பெறுபவர் இல்லையென்றால் அனுப்பிய சாதனத்துக்கு அது தெரியாது, திரும்ப அனுப்பவும் செய்யாது. ஒப்புதல் எதிர்பார்க்கும் ‘இன்ஃபார்ம்’ என்ற வகை எஸ்என்எம்பியின் இரண்டாம் பதிப்பிலிருந்தே இருந்தாலும், எங்கள் பழைய யூபிஎஸ்களில் அந்த வசதி இல்லை.

அப்படி ஒரு பேட்ச் இரவில், ஒரு கிளையின் யூபிஎஸ் மின்கலத்துக்கு மாறிவிட்டேன் என்று ஒரே ஒரு ட்ராப் அனுப்பியிருக்கிறது. சேவையகம் எழுந்து வந்தபோது ரூட்டர் இன்னும் மின்கலத்தில் உயிரோடுதான் இருந்தது, வரைபடம் முழுவதும் பச்சை. நாங்கள் தேநீர் குடிக்கப் போனோம். நாற்பது நிமிடம் கழித்துக் கிளை இருண்டது.

இப்போது ஓரத்தில் ஒரு பழைய லினக்ஸ் கணினி, ட்ராப்புகளை வாங்கி வெறும் கோப்பில் எழுதுவதற்காகவே ஓடுகிறது. சாதனங்கள் இரண்டு முகவரிகளுக்கும் அனுப்புகின்றன. பேட்ச் முடிந்ததும் அந்தக் கோப்பை மேலிருந்து கீழாகக் கண்ணால் படிப்பது இரவுப் பணியாளரின் வேலை.

தரவுத்தளக்காரி எழுதியது:

மேலே எழுதியவர்கள் கோப்புகளைப் பற்றிச் சொன்னார்கள். இன்றைய கண்காணிப்பு மென்பொருட்களில் உயிர் இருப்பது தரவுத்தளத்தில். பேட்சை நீக்கும் கருவிக்கு அதன்மேல் அதிகாரமே இல்லை. எங்களிடம் இருப்பது ஸாபிக்ஸ். 2022 பிப்ரவரியில் 6.0 வெளியானதும், சில மாதங்கள் பொறுத்திருந்து 5.0-இலிருந்து அதற்கு மாறினோம். புதிய சேவையகச் செயல் முதன்முறை தொடங்கும்போதே, யாரையும் கேட்காமல், தரவுத்தள அட்டவணைகளைப் புதிய அமைப்புக்கு மாற்றிவிடும். இதை ஆவணம் தெளிவாகவே சொல்கிறது; நானும் படித்திருந்தேன். எங்களைத் தடுக்கியது வேறொன்று.

கிளைகளில் தரவைத் திரட்டிச் சேவையகத்துக்கு அனுப்பும் ப்ராக்ஸி என்ற துணை நிரல்களை மறுவாரம் மாற்றிக்கொள்ளலாம் என்று குழுவில் ஒருவர் முடிவு செய்திருந்தார். 6.0 சேவையகம் 5.0 ப்ராக்ஸியோடு சேர்ந்து இயங்காது. கிளைத் தரவு வராததைக் கண்டு பதறிய அவர், எனக்குச் சொல்லாமல், மென்பொருட்களை நிறுவவும் நீக்கவும் உதவும் தொகுப்பு மேலாளர் என்ற கருவியில் பழைய பதிப்புக்கு இறக்கிவிட்டார். தொகுப்பு மேலாளர் மறுப்பேதும் சொல்லாமல் பழைய நிரலைக் கொண்டுவந்து வைத்தது. அந்தப் பழைய நிரல் தொடங்கியதும் ‘டிபிவெர்ஷன்’ என்ற அட்டவணையில் இருந்த எண்ணைப் பார்த்து, இந்தத் தரவுத்தளம் என்னுடையது அல்ல என்று பதிவேட்டில் எழுதிவிட்டு நின்றுவிட்டது. அவருடைய பார்வையில் பேட்ச் நீங்கிவிட்டது. என்னுடைய பார்வையில் தலை ஓர் ஊரிலும் உடல் வேறோர் ஊரிலும் இருந்தன.

முந்தைய நாள் எடுத்த தரவுத்தள நகல் இருந்தது. ஆனால் வரலாற்று அட்டவணைகளோடு சேர்த்து அதை மீட்டெடுக்க எவ்வளவு நேரமாகும் என்பதை நாங்கள் ஒருமுறைகூட அளந்து பார்த்ததில்லை. ஆகவே பின்னோக்கிப் போகாமல் 6.0-ஐயே திரும்ப நிறுவி, ப்ராக்ஸிகளை அன்றிரவே ஒவ்வொன்றாக ஏற்றினோம். அது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன். பின்வாங்கும் வழி என்று திட்டத்தில் எழுதியிருந்த பத்தி, முயன்று பார்க்காத பத்தி என்பதால் அதற்கு மதிப்பில்லாமல் போனது.

சந்தேகக்காரன் எழுதியது:

ஒரு சிறு குறிப்பு மட்டும். சரியான இடத்திலிருந்து இறக்கி, கையொப்பம் சரிபார்த்துப் போட்ட பேட்சும் ஏமாற்றலாம். 2020 மார்ச் முதல் ஜூன் வரை வெளியான, சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் என்ற வலையமைப்புக் கண்காணிப்பு மென்பொருளின் புதுப்பிப்புகளில் ஊடுருவியவர்களின் நிரல் செருகப்பட்டிருந்தது. அந்த நிரல் இருந்த டிஎல்எல் (விண்டோஸ் நிரல் நூலகக்) கோப்பு நிறுவனத்தின் முறையான கையொப்பத்துடனேயே வந்தது, ஏறத்தாழ இரண்டு வாரம் எதுவும் செய்யாமல் உறங்கவும் செய்தது. அந்த ஆண்டு டிசம்பர் 13 அன்று அமெரிக்கக் கூட்டாட்சி அலுவலகங்களுக்கு வந்த அவசர உத்தரவு, பாதிக்கப்பட்ட பதிப்புகளைப் பிணையத்திலிருந்து துண்டிக்கவோ அணைக்கவோ சொன்னது. பேட்சை நீக்கினால் போதும் என்று அது சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நாங்கள் அந்த மென்பொருளைப் பயன்படுத்தவில்லை. இருந்தாலும் எங்கள் மேலாண்மைச் சேவையகம் எதற்காக இணையத்தில் எல்லா இடத்துக்கும் போகவேண்டும் என்ற கேள்வியை அன்றுதான் கேட்டோம். இப்போது அதற்குத் தேவையான சில முகவரிகள் மட்டுமே திறந்திருக்கின்றன.

பழைய யூனிக்ஸ்காரர் ஐயாவிடம் ஒரு கேள்வி: அந்த ஸ்கிரிப்டில் உண்மையில் என்னதான் மாறியிருந்தது?

பழைய யூனிக்ஸ்காரன் எழுதியது:

எழுதிய அனைவருக்கும் நன்றி. தரவுத்தளக்காரி அம்மா சொன்ன அந்த அளந்து பார்க்காத நேரம் எனக்கும் உறைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் சோதனைக் கணினியில் ஒவ்வொரு பேட்சையும் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் பார்த்த பின்பே உண்மையான சேவையகத்தைத் தொட்டேன்; எடுப்பதற்கு ஆன நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்தும் வைத்தேன். மூன்று மணிக்கு முடியவேண்டிய வேலையில், எடுக்க ஒரு மணி நேரம் ஆகும் என்றால், இரண்டு மணிக்கு மேல் யோசிப்பதற்கு இடமில்லை என்பது அந்தக் குறிப்பால் தெரிந்துவிடும். உரைக்கோப்பை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளும் பழக்கமும் வந்தது.

கேள்வி கேட்டவருக்கு: வெளியீட்டில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்ந்திருந்ததால், முனையின் (சாதனத்தின்) பெயர் நான்காவது நெடுவரிசையிலிருந்து ஐந்தாவதுக்கு நகர்ந்திருந்தது. ஸ்கிரிப்டில் மாற்றவேண்டியிருந்தது 4 என்ற ஒற்றை எண்ணைத்தான்.