பில்லுக்குப் பதில் வின்மெயில்.டேட் வருகிறது

வணக்கம். போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். வண்டன்மேட்டில் நாங்கள் சரக்கு எடுக்கும் இடத்திலிருந்து பில்லை பிடிஎஃப் ஆக மெயிலில் அனுப்புவார்கள். அவர்கள் கம்ப்யூட்டர் மாற்றி மூன்று வாரம் ஆகிறது. அன்றிலிருந்து பில்லுக்குப் பதிலாக 'வின்மெயில்.டேட்' என்று ஒரு ஃபைல்தான் வருகிறது. மூட்டைகள் கம்பம்மெட்டு வழியாக இறங்கி வந்து கிடங்கில் கிடக்கின்றன. பில் இல்லாமல் வரவு வைக்க முடியவில்லை.

எங்களிடம் விண்டோஸ் 10, மெயில் பார்க்க தண்டர்பேர்ட். அவர்கள் மெயில் அனுப்புவது அவுட்லுக் 2016இல்.

ஃபைல் பெயரை பிடிஎஃப் என்று மாற்றிப் பார்த்தேன், திறக்கவில்லை. நோட்பேடில் திறந்தால் கட்டம் கட்டமாகக் குப்பை எழுத்து. நடுவே பில்லின் பெயர் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. அப்படியானால் பில் உள்ளேதான் இருக்கிறது. இதைப் பிரித்துத் தரும் இணையதளங்கள் உண்டு. ஆனால் ஜிஎஸ்டி எண்ணும் வங்கிக் கணக்கும் உள்ள பில்லை முன்பின் தெரியாத இடத்தில் ஏற்ற மனம் வரவில்லை.

அவுட்லுக்கில் மெயிலை 'ரிச் டெக்ஸ்ட்' என்ற அதன் சொந்த வடிவத்தில் அனுப்பினால் இப்படி ஆகும் என்று படித்தேன். அங்கே இருக்கும் சேட்டனிடம் போனில் சொன்னதும், அவர் பொறுமையாக ஆப்ஷன்ஸில் போய் எச்டிஎம்எல் என்று மாற்றினார். அப்புறமும் எங்களுக்கு அதே டேட் ஃபைல்தான். கம்பத்தில் இன்னொரு கடையிலும் தண்டர்பேர்ட்தான், அவர்களுக்கு பிடிஎஃப் சரியாகப் போகிறது.

அவுட்லுக் 2016இல் எங்கள் முகவரிக்கு மட்டும் ரிச் டெக்ஸ்ட் என்று பதிந்திருந்தால், அதை எங்கே போய் மாற்றச் சொல்ல வேண்டும்?